டு பாய்ஸா, மாரிசனா: ஆறு அமர்வுக்கு எது தாங்கும்?

செந்தூல் வாசகன்:

வணக்கம். எங்கள் வட்டம் பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறது. பன்னிரண்டு பேர், அமர்வுக்கு இரண்டு மணி நேரம். நூலை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு வந்து தமிழில் பேசுவது வழக்கம். அடுத்த சுற்று ஆறு அமர்வு, பொருள் இனம். பட்டியல் சுருங்கி இரண்டில் நிற்கிறது: அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் எழுதிய ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ (1903), கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசனின் ‘பிளேயிங் இன் தி டார்க்’ (1992).

முதலாவது இந்தப் பொருளில் மூத்த நூல். இரண்டாவது இலக்கிய ஆய்வு. அமெரிக்க வெள்ளை எழுத்தாளர்கள் தங்கள் புனைவில் கறுப்பர்களை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. வாக்கு ஆறுக்கு ஆறு. மாரிசன் கட்சி, ‘நூறு பக்கம்கூட இல்லை, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோது’ என்கிறது. டு பாய்ஸ் கட்சி, மூலநூலை விட்டுவிட்டு விமர்சனத்தில் தொடங்குவதா என்று கேட்கிறது. இரண்டையும் நடத்தியவர்கள் எது எங்கே சிக்கும் என்று சொன்னால் நல்லது.

ஆயர் ஈத்தாம் அக்கா:

தம்பி, பக்கத்தை எண்ணி நூல் எடுக்காதீங்க. மாரிசன் நூல் மெலிசுதான். ஆனால் அது 1990இல் ஹார்வர்டில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளின் நூல்வடிவம். அமெரிக்க நாவல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. கதைச் சுருக்கம் தேவைக்கு மேல் ஒரு வரி இருக்காது.

என்னென்ன வாசித்திருக்க வேண்டும் என்று பாருங்க. முதல் அத்தியாயத்தின் பாரம் முழுக்க வில்லா கேத்தரின் ‘சஃபைரா அண்ட் தி ஸ்லேவ் கேர்ல்’ (1940) மேல். இரண்டாவது எட்கர் ஆலன் போவின் ‘ஆர்தர் கார்டன் பிம்’ (1838), மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’. மூன்றாவது ஹெமிங்வேயின் இரண்டு நாவல், ‘டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்’ (1937), அவர் இறந்த பிறகு 1986இல் வந்த ‘தி கார்டன் ஆஃப் ஈடன்’. ஆக ஐந்து நாவல். இவற்றில் ஒன்றுகூட வாசிக்காமல் மாரிசனை எடுத்தால் என்ன நடக்கும்? பன்னிரண்டு பேரும் தலையாட்டுவார்கள். மறுப்பதற்கு யார் கையிலும் எதுவும் இருக்காது. இரண்டாவது அமர்விலேயே பேச்சு ‘இங்கேயும் அப்படித்தான்’ என்று அரசியலுக்குத் தாவிவிடும், நூல் மேசையில் மூடிக் கிடக்கும்.

ஓர் உதாரணம். ஹெமிங்வேயின் ‘டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்’ தொடக்கத்தில், கதை சொல்கிற ஹாரி மார்கனின் படகை ஒரு கறுப்பர் ஓட்டுகிறார். பறக்கும் மீன்கூட்டம் முதலில் அவர் கண்ணில்தான் படுகிறது. அவர் குரல் கொடுத்துச் சொல்வதுதான் இயல்பு. ஆனால் அவரைப் பேசவிட ஆசிரியருக்கு மனமில்லை. அதனால் ‘அவன் பார்த்துவிட்டதை நான் பார்த்தேன்’ என்ற மாதிரி ஒரு கோணல் வாக்கியம் வந்து விழுகிறது. ஹெமிங்வே மாதிரி வாக்கியத்தைச் செதுக்குகிறவரிடம் ஏன் இந்தக் கோணல் என்று மாரிசன் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் அது நியாயமா என்று சொல்ல, அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் நீங்களே வாசித்திருக்கணும்.

டு பாய்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. பதினான்கு அத்தியாயமும் தன் பொருளைத் தானே சுமந்து வருகிறது.

பழைய கிராணி:

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். என் காரணம் வேறு. டு பாய்ஸ் நூலில் எல்லாரும் முதல் அத்தியாயத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், தன்னை எப்போதும் பிறர் கண்ணாலும் பார்த்துக்கொள்கிற அந்த இரட்டை உணர்வு பற்றிய பத்தி. மலேசியத் தமிழ் வாசகனுக்கு உண்மையான சரக்கு ஏழாவதிலும் எட்டாவதிலும் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்து டோகர்ட்டி மாவட்டம். கறுப்பர் பத்தாயிரம், வெள்ளையர் இரண்டாயிரம். பருத்திக் காடு. ஏழாவது அந்த ஊர் வழியே ஒரு பயணம், எட்டாவது கணக்குப் புத்தகம்.

எட்டாவதில் 1898ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று வருகிறது, பருத்தி விலை விழுந்த வருஷம். குத்தகைக் குடும்பம் 300. அதில் 175 குடும்பம் வருஷ முடிவில் மொத்தம் 14,000 டாலர் கடனில் நின்றது. 50 குடும்பத்துக்கு வரவும் செலவும் சரி. மிச்சம் 75 குடும்பத்துக்குச் சேர்த்து லாபம் 1,600 டாலர். வகுத்துப் பாருங்கள்: கடன்பட்ட வீட்டுக்கு சராசரி 80 டாலர் கடன், லாபம் பார்த்த வீட்டுக்கு 21 டாலர் சொச்சம். இந்த மூன்று வரியைப் பலகையில் எழுதிப்போட்டு அரை மணி நேரம் பேசலாம்.

கடன் எப்படி ஏறுகிறது என்பதையும் படிப்படியாகக் காட்டுகிறார். குத்தகைக்காரனிடம் முதல் இல்லை. கடைக்காரனிடம் போகிறான். கோவேறு கழுதை, வண்டி, இன்னும் விளையாத பருத்தி எல்லாவற்றையும் ஈடு வைக்கிறான். வாராவாரம் மாவும் இறைச்சியும் கடைக்கணக்கில் வருகிறது. பருத்தி எடுத்ததும் நிலக்காரன் வாடகையை எடுப்பான், கடைக்காரன் கடனை எடுப்பான். மிச்சமிருந்தால் இவனுக்கு. பருத்தியைத் தவிர வேறு பயிர் வைக்கக் கடைக்காரன் விடமாட்டான், ஏனென்றால் பருத்திக்குத்தான் எப்போதும் சந்தை உண்டு, ஈடாகப் பிடிக்கவும் வசதி. மண் ஏன் செத்தது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது.

ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேதான் ஆபத்தும். ‘அப்படியே நம்ம கங்காணிக் கதை’ என்று, ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து தோட்டத்தில் வேலை வாங்கியவனை நினைத்து, யாராவது சொல்வார்கள், எல்லாரும் ஆமாம் போடுவார்கள். அப்படியே இல்லை. மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நின்றது. அதற்கு முன்பே 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்து, கப்பல் செலவை முதலாளிமாரிடம் வரியாக வாங்கியது. அதன்பிறகு வந்தவர்கள் சட்டப்படி பயணக் கடன் இல்லாமல்தான் இறங்கினார்கள். நம்மவர்களைக் கட்டிப்போட்டது வேறு கயிறு. கங்காணிக்குத் தலைக்காசு, அதாவது அவன் ஆள் எத்தனை பேர் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்து வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்குக் காசு. அதனால் ஆளை விடமாட்டான். அவன் சொந்த ஊர்க்காரன், சிலசமயம் சொந்த சாதிக்காரன். லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பு, வேலையோடு ஒட்டியது, வேலை போனால் கூரையும் போச்சு. ஜார்ஜியாவில் விளைச்சலே ஈடு, இங்கே மாதச் சம்பளம். இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுகிற ஆள் ஒருத்தர் அமர்வில் இருந்தால் எட்டாம் அத்தியாயம் தங்கம்.

டாமன்சாரா 17:

இரண்டு பேரும் டு பாய்ஸை ரொம்ப எளிதாக்கிக் காட்டுகிறீர்கள். தன் பொருளைத் தானே சுமக்கிற நூல் என்பது பாதிதான் சரி.

இரண்டாம் அத்தியாயம் அடிமைத்தளை நீங்கியவர்களுக்காக 1865இல் அமைத்த அரசு அலுவலகத்தின் வரலாறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்கு அது வெறும் பெயர்ப்பட்டியல். மூன்றாவது, கறுப்பர்களுக்குத் தொழிற்கல்வியே முதலில் என்ற தலைவர் புக்கர் டி. வாஷிங்டனுடன் மோதுகிற அத்தியாயம். வாஷிங்டன் 1895இல் அட்லாண்டாவில் நிகழ்த்திய உரையைப் படிக்காமல் அதைத் தொடக்கூடாது. டு பாய்ஸ் அவருடைய வாதத்தைத் தன் வசதிக்குச் சுருக்கித் தருகிறார். உரை சில பக்கம்தான், இணையத்தில் கிடைக்கும், அச்செடுத்து முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாஷிங்டன் வெறும் கங்காணியாகத் தெரிவார். அவ்வளவு எளிய ஆள் இல்லை.

இரண்டாவது, நடை. 1903இன் அலங்கார ஆங்கிலம். பைபிள், கிரேக்கப் புராணம், ஜெர்மன் இசைநாடகம் எல்லாம் உள்ளே ஓடுகிறது. ஐந்தாவது அத்தியாயத்தின் அட்டலாண்டாவும் எட்டாவதின் பொன்கம்பளியும் கிரேக்கக் கதைகள். தலைப்பிலேயே உவமை இருக்கிறது, கதை தெரியாவிட்டால் தலைப்பு ஊமை. செய்தித்தாள் ஆங்கிலத்தில் பழகியவர்கள் மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்குவார்கள். மாரிசனின் ஆங்கிலமும் இறுக்கம்தான், ஆனால் நம் காலத்து இறுக்கம்.

மூன்றாவது, படித்த சிறுபான்மை மற்றவர்களைத் தூக்கிவிடும் என்ற அவருடைய நம்பிக்கை. அதே 1903இல் தனிக் கட்டுரையாகவும் எழுதினார். இந்த நூலின் ஆறாம் அத்தியாயம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உள்ள வட்டம் என்றால் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ஆசை வரும். அங்கே ஒரு பிரேக் தேவை.

மாரிசன் பக்கம் ஒரு பலம் உண்டு. டு பாய்ஸ் இனத்தை அதன் பாரம் அழுத்துகிறவர்களின் பக்கமிருந்து பார்க்கிறார். மாரிசன் கேள்வியைத் திருப்புகிறார்: அந்தக் கற்பனையைக் கட்டினவனுக்கு அதனால் என்ன கிடைத்தது? சுதந்திரம், தனிமனிதன் என்றெல்லாம் பேசிய இலக்கியம், பக்கத்திலேயே அடிமை இருந்ததால்தான் அப்படிப் பேச முடிந்தது என்கிறார். ஹக்கிள்பெரி ஃபின் கடைசியில், சிறுவன் ஹக்கோடு தப்பிவந்த அடிமை ஜிம்மின் விடுதலை ஏன் அத்தனை அத்தியாயம் இழுக்கப்படுகிறது என்பதற்கு அவர் தரும் விடை, அந்த நாவலைப் பள்ளியில் படித்தவர்களையும் உட்கார வைத்து யோசிக்க வைக்கும். ஜிம் விடுதலையானால் ஹக்கின் வளர்ச்சிக்கு ஆதாரமே நழுவிவிடும்.

பட்டர்வொர்த் படகு:

அக்கா சொல்கிற ஐந்து நாவல் பிரச்சினைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ‘பிம்’ நாவலில் 18ஆம் அத்தியாயத்திலிருந்து கடைசிவரை போதும். கப்பல் சலால் தீவை அடைவதிலிருந்து அந்த வெள்ளை உருவம் எழுந்து நிற்கும் கடைசிப் பத்திவரை. இலவசமாகக் கிடைக்கும். ஹெமிங்வேயில் ‘டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்’ முதல் இரண்டு பகுதி, எட்டு அத்தியாயம். முதல் பகுதியை ஹாரியே சொல்கிறான், இரண்டாம் பகுதியில் ஆசிரியர் குரல். கறுப்பர்களை அழைக்கும் முறை அங்கே எப்படி மாறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாசித்தால் மாரிசன் சொல்வது கண்ணுக்குத் தெரியும். கேத்தரை விட்டுவிடலாம், ஆனால் விட்டால் முதல் அத்தியாயத்தின் பாதி காற்றில் நிற்கும். ‘கார்டன் ஆஃப் ஈடன்’ வேண்டாம்.

அதைவிட, முறையை எடுத்துக்கொண்டு நம் அலமாரிக்கு வரலாமே. இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் ஆய்வுக்கு நான்கு திசை காட்டுகிறார், மூன்றாவதின் முற்பகுதியில் மொழி உத்திகளின் ஒரு பட்டியல் தருகிறார். வார்ப்புப் பாத்திரத்தை வைத்து எழுதுகிற உழைப்பை மிச்சம் பிடிப்பது, ஆளுக்குப் பதில் தோல் நிறத்தை மட்டும் நிற்கவைப்பது, வரலாற்றைப் பிடுங்கிவிட்டு என்றென்றைக்குமான உருவகமாக்குவது என்று ஆறு உத்தி. அதை வைத்துக்கொண்டு ஆன்ரி ஃபோகோனியேவின் ‘மலேசி’யைத் திறந்து பாருங்கள். 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு வாங்கிய நாவல். மலாயா ரப்பர் தோட்டம். எழுதியவரே தோட்ட முதலாளி. ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் அதில் இருக்கிறார்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வாய் திறக்கிறார்கள், வெள்ளைக் கதாநாயகனின் மனமாற்றத்துக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு கத்தியைத் திருப்பிப் பிடிக்கணும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). பினாங்கும் மேடானும் களம், போர்க்காலம். அதில் மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எப்படி வருகிறார்கள்? தமிழ் நாயகனின் பெருமைக்கும் தனிமைக்கும் அவர்கள் எந்த அளவு பின்திரை? இதைக் கேட்காமல் வெள்ளைக்காரனை மட்டும் விசாரித்தால் பாதி வேலை.

ஆயர் ஈத்தாம் அக்கா:

படகு தம்பி, கடைசிப் பத்திக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஓர் எச்சரிக்கை. மாரிசன் முறையை யாந்திரமாகப் பிடித்தால் எல்லா நாவலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. இன்னின்ன எழுத்தாளர் இனவெறியர் என்று தீர்ப்பு எழுதுவது தன் நோக்கமில்லை என்று நூலிலேயே சொல்கிறார். எழுத்து எங்கே தடுமாறுகிறது, எங்கே கதையின் தர்க்கம் உடைகிறது என்பதுதான் அவருக்குத் தடயம். கேத்தரின் நாவலில் தன் மகளுக்கு எதிரான சூழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கிற தாய் டில் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்கிறார் பாருங்க, அது கைவினை பற்றிய கேள்வி. அந்தத் தாய் அப்படி மௌனமாக இருந்தால்தான் கதை நகரும் என்பதால் ஆசிரியர் அவளை மௌனமாக்கினார். சிங்காரத்தை எடுத்தால் இப்படி ஒரு உடைவைக் காட்டணும். சும்மா ‘மலாய்ப் பாத்திரம் குறைவு’ என்று எண்ணிக் காட்டுவது தணிக்கையாளன் வேலை.

கோப்பெங் தெரு:

இரண்டுமே அமெரிக்காவா? சையத் உசேன் அலாத்தாஸின் ‘தி மித் ஆஃப் தி லேசி நேட்டிவ்’ (1977) இருக்கிறதே. மலாய்க்காரர், பிலிப்பினோ, ஜாவாக்காரர் சோம்பேறி என்ற பிம்பம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து எப்படிக் கட்டப்பட்டது, அது காலனிய முதலாளிக்கு எப்படி உதவியது என்று காட்டுகிற நூல். மலாயிலும் ‘மித்தோஸ் பெரிபூமி மாலாஸ்’ என்று வந்திருக்கிறது. ரப்பர்த் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் கூலியாக இறங்க மறுத்ததைச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள் என்பது மைய வாதம். இறங்கியவர்கள் யார்? நாம். அப்போ நமக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

டாமன்சாரா 17:

இந்தச் சுற்றுக்கு அலாத்தாஸ் வேண்டாம் என்பது என் கருத்து. அடிக்குறிப்புகள் அடர்ந்த சமூகவியல் நூல். ஆறு அமர்வில் அதை மட்டுமே செய்தால்தான் செய்த மாதிரி. அடுத்த வருஷத்துக்கு அதைத் தனியாக எடுங்கள். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் பிலிப்பினோக்களின் ‘சோம்பல்’ பற்றி 1890இல் எழுதிய கட்டுரையை அலாத்தாஸ் விரிவாக எடுத்துப் பேசுகிறார். அதை முதலில் வாசித்துவிட்டு அங்கிருந்து நுழைவது சுலபம்.

பழைய கிராணி:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நம் ஆட்கள் இனம் என்று பேசத் தொடங்கினால் முதல் பத்து நிமிடத்தில் சாதி வந்துவிடும். அதற்குத் தயாராகப் போங்கள். அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டு பாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு கடிதமும் சின்னது, அமர்வில் வாசித்துவிடலாம்.

ஆனால் அதை வைத்து ‘சாதியும் இனமும் ஒன்றே’ என்று முடித்துவிடக் கூடாது. அதே அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ (1936) நூலில் சாதி என்பது இனப் பிரிவினை இல்லை, ஒரே இனத்துக்குள் செய்யப்பட்ட சமூகப் பிரிவினை என்று அடித்துச் சொல்கிறார். இனக்கலப்பைத் தடுக்கத்தான் சாதி வந்தது என்ற வாதத்தை உடைப்பது அவருக்கு அங்கே தேவை. பத்து வருஷம் கழித்து, ஒடுக்கப்பட்டவர்களின் நிலையிலும் போராட்டத்திலும் உள்ள ஒற்றுமையை அவரே தேடுகிறார். இரண்டும் முரண் இல்லை. ஒன்று தோற்றம் பற்றியது, மற்றது நடைமுறை பற்றியது. இதை விளங்கிக்கொண்டால் தோட்டத்துக்குள் மேட்டு லயம், கீழ் லயம் என்று பிரிந்து கிடந்ததை டு பாய்ஸோடு சேர்த்துப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

செந்தூல் வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. நாங்கள் இதுவரை யோசிக்காத பக்கம் எல்லாம் திறந்துவிட்டீர்கள். உறுப்பினர்களிடம் கேட்டேன். ஹக்கிள்பெரி ஃபின் நால்வர் முழுதாக வாசித்திருக்கிறார்கள். போ, ஹெமிங்வே, கேத்தர் யாரும் இல்லை. ஆகவே டு பாய்ஸ்தான் அடி, மாரிசன் முடிவில் ஒரு அமர்வு என்று நினைக்கிறேன். பதினான்கு அத்தியாயத்தையும் ஐந்து அமர்வில் அடைக்க முடியுமா, எதை விடுவது?

ஆயர் ஈத்தாம் அக்கா:

எல்லாவற்றையும் அடைக்காதீங்க. வரிசையாகவும் போகாதீங்க. வரிசையில் போனால் முதல் அமர்வு முழுக்க இரட்டை உணர்வு, எல்லாரும் தன் அடையாளச் சிக்கலைச் சொல்வார்கள், மூன்று மாதம் அதிலேயே போய்விடும்.

பதின்மூன்றாவதில் தொடங்குங்க. நூலில் உள்ள ஒரே சிறுகதை அதுதான். ஒரே ஊரில் இரண்டு ஜான், ஒருவன் கறுப்பன், ஒருவன் வெள்ளை நீதிபதியின் மகன். படிக்கப் போன கறுப்பு ஜான் நியூயார்க்கில் வாக்னரின் ‘லோயன்கிரின்’ இசைநாடகம் கேட்டு மெய்ம்மறந்திருக்கும்போது வெளியேற்றப்படுகிறான். ஊருக்குத் திரும்பினால் ஊரும் அவனை ஏற்கவில்லை. தங்கை ஜென்னி, மூடப்படும் பள்ளிக்கூடம், முடிவு. கதை என்பதால் தயங்குகிறவர்களும் பேசுவார்கள். படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவன் அன்னியமாவது நம்ம இலக்கியத்துக்குப் புதுசில்லை. அந்த அமர்வின் கடைசி அரை மணி நேரத்தில் முதல் அத்தியாயத்தை எடுங்க. இரட்டை உணர்வு என்றால் என்ன என்பதற்கு அப்போது கறுப்பு ஜான் கண்முன்னே நிற்பான், அவரவர் சொந்தக் கதை தேவைப்படாது.

இரண்டாம் அமர்வு மூன்றாவது அத்தியாயமும் வாஷிங்டன் உரையும், வேறொன்றும் வேண்டாம். ஆறுபேர் வாஷிங்டனுக்காக வாதாடட்டும். மூன்றாம் அமர்வு ஏழும் எட்டும். நான்காவது, நான்கும் பதினொன்றும். நான்கு அவர் டென்னசியில் கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்த காலம். உங்கள் ஆசிரியர்கள் அதை விடமாட்டார்கள். பதினொன்று செத்துப்போன தன் கைக்குழந்தை பற்றியது. அதைப் பற்றி அதிகம் பேச முடியாது, ஒருவர் வாய்விட்டு வாசித்தால் போதும். ஐந்தாம் அமர்வு பத்தும் பதினான்கும், தேவாலயமும் பாட்டும். இரண்டு, ஐந்து, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு விருப்பப்பட்டவர்களுக்கு. டாமன்சாரா சார் ஆறாவதை விட்டதற்குக் கோபிக்கக்கூடாது.

டாமன்சாரா 17:

கோபம் இல்லை அக்கா. ஆறாவதிலிருந்து இரண்டு பக்கம் மட்டும் வாஷிங்டன் அமர்வோடு சேர்த்துவிடுங்கள், போதும். தொழிற்கல்வியா உயர்கல்வியா என்ற சண்டையின் இரு பக்கமும் அப்போதுதான் மேசைக்கு வரும்.

பட்டர்வொர்த் படகு:

பதிப்பு விஷயம். நூல் காப்புரிமை முடிந்தது, குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். ஆனால் வெறும் உரைக்கோப்பை இறக்கினால் ஒரு முக்கியமான உறுப்பு தொலைந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு கவிதை வரி, அதன் கீழே கறுப்பர்களின் துயரப் பாடல் ஒன்றின் இசைக்குறிப்பு, சொல் இல்லாமல். ஐரோப்பிய, அமெரிக்கக் கவிதையும் அடிமைகளின் மெட்டும் அருகருகே நிற்பதுதான் நூலின் கட்டுமானம். எந்தப் பாட்டு என்று பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிட்டு, பதினான்காவதில்தான் சிலவற்றைத் திறக்கிறார். ஆகவே படமெடுத்த பக்கங்கள் உள்ள பிரதி வேண்டும், அல்லது நார்ட்டன் திறனாய்வுப் பதிப்பு (1999) ஒன்றைக் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னிணைப்பில் பின்புல ஆவணங்களும் இருக்கும். ஐந்தாம் அமர்வில் பாடல்களை ஒலிபெருக்கியில் போடுங்கள். முதல் அத்தியாயத்தின் தலையில் உள்ளது ‘நோபடி நோஸ் தி டிரபிள் ஐ’வ் சீன்’. ஃபிஸ்க் பல்கலைக்கழக ஜூபிலி குழுவின் பழைய பதிவுகள் யூடியூபில் உண்டு. வாக்னர் ஐந்து நிமிடம் முதல் அமர்வுக்கு.

இன்னொன்று. பிரதிகள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1953 பதிப்புக்காக டு பாய்ஸ் சில இடங்களைத் திருத்தினார். யூதர்களைப் பற்றிய சில குறிப்புகளை மாற்றினார், தாம் எழுதியது வெறுப்புக்குத் துணைபோகிறது என்று உணர்ந்து. ஏழு, எட்டு அத்தியாயங்களில் ஒருவர் பிரதியில் ஒரு சொல், மற்றவர் பிரதியில் வேறு சொல் இருக்கும். முன்பே சொல்லிவைத்தால் அதுவே நல்ல பேச்சுப்பொருள். சொல்லாவிட்டால் அரை மணி நேரம் ‘என் புத்தகத்தில் அப்படி இல்லையே’.

கோப்பெங் தெரு:

ஆறாவது அமர்வுக்கு மாரிசனில் என்ன வாசிப்பது? முன்னுரையா?

பட்டர்வொர்த் படகு:

முன்னுரை கட்டாயம். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் கச்சேரியில் பிரெஞ்சு எழுத்தாளர் மரி கார்டினாலுக்கு வந்த பீதியிலிருந்து தொடங்குகிறது, சிலபக்கம்தான், நுழைவாயில் அதுதான். பிறகு இரண்டாம் அத்தியாயம் மட்டும். ஹக்கிள்பெரி வாசித்த நால்வர் பொறுப்பெடுக்கட்டும். மற்றவர்கள் அந்த நாவலின் 31ஆம் அத்தியாயத்திலிருந்து முடிவுவரையும், ‘பிம்’ கடைசி எட்டு அத்தியாயமும். இந்த அளவு ஒரு மாதத்துக்குத் தாங்கும். நேரம் மிஞ்சினால் ஃபோகோனியேவிலிருந்து தமிழர்கள் வருகிற ஒரு காட்சியை நகலெடுத்துக் கொடுங்கள், நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

பழைய கிராணி:

நடைமுறை இரண்டு. ட்வைனில் கறுப்பர்களை இழிவாக அழைக்கும் அந்த வசைச்சொல் நிறைய வரும். வாய்விட்டு வாசிக்கும்போது சொல்வதா, விட்டுவிடுவதா என்று முதல் அமர்விலேயே முடிவு செய்யுங்கள். பேச்சு, நம்மை இழிவாக அழைக்கும் ‘கெலிங்’ என்ற சொல் பக்கம் ஓடும், ஓடட்டும், பத்து நிமிடம் கொடுத்து நிறுத்துங்கள். அடுத்தது, அமர்வைப் பதிவு செய்து ஃபேஸ்புக்கில் போடுகிற பழக்கம் இருந்தால் இந்தச் சுற்றுக்கு வேண்டாம். 3ஆர் (இனம், மதம், அரச பீடம் பற்றிய பேச்சு) என்று சொல்லி ஒரு துண்டை வெட்டி யாராவது பரப்பினால், பேசினவர் தான் பேசினதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று விளக்கிக்கொண்டு அலையணும். பதிவு இல்லை என்று தெரிந்தால் ஆசிரியர்களும் வாய் திறப்பார்கள்.

செந்தூல் வாசகன்:

அப்படியே செய்கிறோம். மூன்றாம் அமர்வுக்கு கிராணி ஐயா நேரில் வர முடியுமா? இல்லாவிட்டால் தலைக்காசுக் கணக்கை எப்படிக் காட்டுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய கிராணி:

பினாங்கிலிருந்து வருவது சிரமம், கூகுள் மீட்டில் அரை மணி நேரம் உட்காருகிறேன். பலகையில் இரண்டு பத்தி போட்டுவையுங்கள். இடப்பக்கம் டோகர்ட்டி: நிலம் யாருடையது, விதையும் கழுதையும் யாருடையது, சோறு எங்கிருந்து வருகிறது, விளைச்சலை யார் எடைபோடுகிறார்கள், கணக்குப் புத்தகம் யார் கையில். வலப்பக்கம் அதே ஐந்து கேள்விக்குத் தோட்டத்தின் விடை. கேள்விகளை மட்டும் எழுதுங்கள், வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். உறுப்பினர்களே நிரப்பட்டும். ரப்பர்ப் பாலை எடைபோட்டது யார் என்ற இடத்தில் சண்டை வரும், அங்கே என்னைக் கூப்பிடுங்கள்.